மேல்வீட்டில் உருளும் சூட்கேஸ்

சுபோதினி கேக்கைப் பார்த்தாள். கேக்கின் நடுவில் ஐசிங்கால் செய்த விமானமொன்று மூக்கை உயர்த்திக்கொண்டு நின்றது. அதன் கீழே, 'நலமாகப் போய் வாருங்கள் சுபோதினி' என்று ரோஸ் நிறத்தில் எழுதியிருந்தது. பிறகு அவள் மேசையைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு லேனில் இருந்த அந்த அடுக்குமாடியின் அரைவாசிச் சனம் அங்கே நின்றது. லிப்டுக்குப் பக்கத்துப் பைப் ஒழுகுகிறதென்று பொய் சொல்லி அவளைக் கீழே கூப்பிட்டிருந்தார்கள். அவள் பழைய உடுப்போடும், ஒழுக்கைத் துடைக்க ஒரு வாளியோடும் வந்திருந்தாள்.

"ஆர் போகினம்?" என்று கேட்டாள்.

எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் கிருபாகரன் மாஸ்டரின் பக்கம் திரும்பின. கோயிலில் தீபாராதனை காட்டும்போதுகூட அவ்வளவு ஒற்றுமையாக அந்தக் கட்டடத்துத் தலைகள் திரும்பியதில்லை.

கிருபாகரனுக்கு ஐம்பத்துநாலு வயது. கல்யாணம் செய்யவில்லை. அதற்கு அவர் சொல்லும் காரணம் ஆளுக்கு ஆள் வேறுபடும். வெளிவாரிப் பட்டப்படிப்புச் செய்யும் பெரியவர்களுக்கு ஆங்கில இலக்கியம் கற்பித்தார். மூன்றாம் மாடியில் இருந்தார். அவருடைய சீலிங்தான் சுபோதினியின் தரை. அவளைப் பற்றி அவர் அறிந்ததில் பெரும்பகுதி அந்த சீலிங் வழியாக இறங்கி வந்ததுதான்.

"இல்லை… நாங்கள் நினைச்சம்…" என்றார்.

"நாங்கள் நினைக்கேல்ல," என்றார் நாகேஸ்வரி அக்கா. அந்தக் கட்டடத்தின் சங்கத் தலைவி. எழுபது வயதிலும் லிப்ட் பழுதானால் கம்பனிக்காரனை அழவைக்கக் கூடியவர். "மாஸ்டர்தான் சொன்னவர். நாங்கள் காசு மட்டும் போட்டனாங்கள்."

சுபோதினி வாளியைக் கீழே வைத்தாள். 'நான் எங்கும் போகவில்லை' என்று சொல்லுவாள் என்று கிருபாகரன் காத்திருந்தார். அந்த ஒரு வசனத்துக்காக அவர் இன்னும் பத்துக் கேக் வாங்கிக் கொடுத்திருப்பார். அவளோ கத்தியை எடுத்தாள்.

"வெட்டாமல் விட்டால் பழுதாப்போகும்," என்று சொல்லி, விமானத்தின் வாலைச் சுத்தமாக அறுத்துத் தட்டில் வைத்து அவரிடம் நீட்டினாள். "வால் உங்களுக்கு, மாஸ்டர்."

சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு, "உங்களுக்கு இதை ஆர் சொன்னது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஒருத்தரும் சொல்லேல்ல. சத்தம் கேட்டது."

"என்ன சத்தம்?"

"சூட்கேஸ் உருளுற சத்தம். பின்னேரத்தில. மேல."

அவள் ஒரு நிமிடம் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, காதைப் பார்த்தாள். முதலில் வலதுகாது, பிறகு இடது. அவள் கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் கிளினிக்கில் செவிப்புலன் பரிசோதிப்பவள். மனிதர்களை அவள் காதுப்பக்கமாகத்தான் அளந்தாள்.

"வியாழக்கிழமை கிளினிக்குக்கு வாங்கோ," என்றாள். "ஒருக்காப் பாத்துவிடுவம்." வாளியையும் ஒரு துண்டுக் கேக்கையும் எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

*

மாஸ்டர் அப்படியொன்றும் அவசரப்பட்டு முடிவுக்கு வருகிறவர் அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சொல்லச் சொன்னவரும் அவர்தான்.

எங்கள் ஆட்கள் வெளிநாட்டுக்குப் போகும் முறை உலகத்தில் வேறு எவருக்கும் இல்லை. விசாவுக்குப் போட்டதைச் சொல்லமாட்டார்கள். கிடைத்ததைச் சொல்லமாட்டார்கள். டிக்கட் எடுத்ததைச் சொல்லவேமாட்டார்கள், நாவூறு பட்டுவிடும். காலையில் சந்தையில் கண்டால் முருங்கைக்காயின் விலையைப் பற்றிக் கதைப்பார்கள். மூன்று நாள் கழித்து மொன்றியலிலிருந்து போன் வரும்: "நாங்கள் வந்து சேந்திட்டம், அங்க கேஸ் சிலிண்டர் கிடக்கு, எடுங்கோ." ஆகவே வெள்ளவத்தையில் வாழும் ஒருவன் அயலவரின் பயணத்தை அறிய விரும்பினால் துப்பறிய வேண்டும்.

கிருபாகரன் துப்பறிந்தார். முதலில் மணம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மேலேயிருந்து மிளகாய் வறுக்கும் மணம் இறங்கி, அவர் தும்மித் தும்மியே ஒரு கட்டுரையைத் திருத்தினார். தனியாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு எதற்கு அவ்வளவு தூள்? மெல்பேர்னில் அவளுடைய தம்பி இருக்கிறான். தூள் கொண்டுபோகாமல் அவன் வீட்டுப் படி மிதிக்கலாமா?

பிறகு தராசு. ஒரு நாள் அவளே கதவைத் தட்டி, "மாஸ்டர், சூட்கேஸ் நிறுக்கிற தராசு உங்களிட்ட இருக்கெல்லோ? ஒருக்காத் தாறியளா?" என்றாள். கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்க்கும் சிறிய தராசு அது. கொடுத்தார். திரும்பி வரவில்லை. அதைவிடப் பெரிய ஆதாரம் என்ன வேண்டும்?

அதன் பிறகுதான் சில்லுச் சத்தம் தொடங்கியது. பொழுது சாயும் நேரம். கரையோர ரயில் போய் ஓய்ந்ததும் சீலிங்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு கடகடவென்று ஒன்று உருளும். சற்று நிற்கும். திரும்ப உருளும். நிரப்புகிறாள், தூக்கிப் பார்க்கிறாள், பாரம் கூடிவிட்டது, திரும்ப இறக்குகிறாள். தேத்தண்ணீர் ஆறிப்போகும்வரை அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஏதோ ஒன்று அவருடைய நெஞ்சிலிருந்தும் கிலோக் கணக்கில் எடுத்துவைக்கப்படுவது போல இருக்கும்.

அவளிடமே கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டார், ஒருவகையில். லிப்டுக்குள் வைத்து, "மெல்பேர்ன்ல இப்ப குளிரோ?" என்றார். அவள், "தம்பி சொன்னவன் குளிர் எண்டு," என்றாள். "ஆக்கள் அங்க போனா நல்லாத்தான் இருப்பினம் என்ன?" என்றார். அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்து, "பாப்பம்," என்றாள். எங்கள் ஊரில் 'பாப்பம்' என்றால் ஓம் என்றும் இல்லை என்றும் பொருள் உண்டு. அன்று இரண்டையும் சேர்த்தே சொன்னாள் போல இருந்தது.

கேக் கடையில்தான் அவர் தடுமாறினார். கடைப் பெண், "கவுத யன்னே?" என்று சிங்களத்தில் கேட்டாள். யார் போகிறது? மாஸ்டருக்கு அயல்வீட்டுப் பெண் என்பதற்குச் சிங்களம் தெரியும். இருந்தும் வாயில் வந்தது, "அபே கெனெக்." நம்மட ஆள் ஒருவர். சொல்லிவிட்டு, சொன்னது யாரோ என்பதுபோலக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பேஸ்ட்ரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

*

கேக் வெட்டிய மறுநாள் நாகேஸ்வரி அக்கா படியில் வைத்துத் தீர்ப்புச் சொன்னார்.

"அவள் மறுக்கேல்லப் பாத்தீரோ?"

"ஓம், மறுக்கேல்ல."

"போகாத ஆள் எண்டால் சண்டைக்கெல்லே வந்திருப்பாள்? பேசாமல் வெட்டித் திண்டவள். அப்ப போறாள்." அக்கா கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கினார். "சொல்லிப்போட்டு ஆர் போறது? என்ர மகனே சொல்லேல்ல. கட்டுநாயக்க எயாப்போட்டில நிண்டு, அம்மா பிளேன் ஏறப்போறன் எண்டவன்."

இவ்வளவையும் சொல்லிவிட்டு, மிச்சக் கேக்கை யார் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்தார். மாஸ்டர் தன்னிடம் இருப்பதை ஒப்புக்கொண்டார். அக்கா கூடவே வந்து விமானத்தின் இடது சிறகை எடுத்துக்கொண்டு போனார்.

*

அன்று புதன்கிழமை, பாமன்கடையில் வகுப்பு. ஒரு கம்யூனிகேசன் கடைக்கு மேலேயுள்ள அறை, சுழலும்போது மாரடிக்கும் மின்விசிறி ஒன்று. அன்றைய பாடம் விக்டோரியா காலத்துப் பேய்க்கதை. அந்தக் காலத்துக் கதையொன்றை மாஸ்டர் எடுத்துக்கொண்டார். ஒரு பாதிரியார், விதவை ஒருத்தியின் வீட்டில் மேல்மாடி அறையை வாடகைக்கு எடுக்கிறார். அவளுடைய செத்துப்போன புருஷன் பேயாக வந்து தன் தொப்பியை இடம் மாற்றி வைப்பதாகவும், தன்னைப் பொறாமையோடு முறைப்பதாகவும் பாதிரியாரே கதையை எழுதிச் செல்கிறார். அந்த வீட்டில் வேறெவரும் அந்தப் பேயைக் கண்டதில்லை.

"பேய் இருக்கா இல்லையா எண்டது சின்னக் கேள்வி," என்றார் மாஸ்டர். இந்த இடத்தில் அவர் குரல் எப்போதும் கொஞ்சம் இறங்கும். பதினைந்து வருடமாக அதே இடத்தில் இறங்கியிருக்கிறது. "பெரிய கேள்வி, கதை சொல்லுற ஆளை நம்பலாமா எண்டது. அந்தக் காலத்து இங்கிலாந்துக்காரருக்கு மனதில இருக்கிறதை மேசையில வைச்சுக் கதைக்கத் தெரியாது. ஆசையைச் சொல்லக்கூடாது, பயத்தைச் சொல்லக்கூடாது, ஆரையும் நேர கேக்கக்கூடாது. அப்ப என்ன செய்வினம்? மனதில கிடக்கிறதைத் தூக்கி எதிர்ச் சுவரில எறிவினம். அது பேயாத் தெரியும். பிறகு, ஐயோ பேய் எண்டு கத்துவினம்."

"எங்கட ஆக்கள் மாதிரித்தான் சேர்," என்றார் பைறோஸா.

பைறோஸாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. இரண்டு பிள்ளைகள் பெரிய வகுப்பில். புறக்கோட்டையில் அவருடைய கணவருக்குப் பைகளும் சூட்கேஸ்களும் விற்கும் கடை. பகலில் கல்லாவில் இருந்துகொண்டே நாவல் படிப்பார். வகுப்பில் கதையை முடிவுவரை படித்துவிட்டு வரும் ஒரே ஆள் அவர்தான்.

"அந்தப் பாதிரியார் பொய் சொல்றல்ல சேர். அதான் பாவம். பொய்யெண்டா அவருக்கே தெரிஞ்சிருக்கும். பேய்க்குப் பொறாமைங்கிறாரு. செத்த மனுசனுக்கு என்ன பொறாமை? இவருக்குத்தான் அந்த மனுசன் மேல பொறாமை. விதவை இன்னும் புருஷன்ட தொப்பிய ஆணில மாட்டி வெச்சிருக்காவே."

"மிகச் சரி," என்றார் மாஸ்டர். "தன்னிட்ட இருக்கிறதை மற்றவனிட்டக் காணுறது. கண்ணாடியை ஜன்னல் எண்டு நினைக்கிறது."

"அப்ப சேர்," பைறோஸா கொப்பியை மூடினார். "அந்தக் கேக் விசயம்?"

வெள்ளவத்தையில் நடந்தது பக்கத்திலிருக்கும் பாமன்கடைக்கு வர இருபத்துநாலு மணித்தியாலம் எடுத்தது ஆச்சரியம்தான். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். இருமல் அல்ல அது.

"அது வேற," என்றார் மாஸ்டர்.

"என்ன வேற? போன மாசம் எங்கட கடைக்கு வந்து பெரிய சூட்கேஸ் ஒண்டு எடுத்தீங்கதானே? என்ட மனுசன் விலை கொறச்சும் தந்தாரு. எதுக்கெண்டு கேட்டேன்."

"பழைய புத்தகம் போட்டு வைக்க எண்டு சொன்னன்."

"ஓ, அப்படித்தான் சொன்னீங்க." பைறோஸா புன்னகைத்தார். அந்தப் புன்னகையில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. "பொத்தகம் வைக்க எதுக்கு சேர் நாலு சில்லு?"

மின்விசிறி மாரடித்தது. மாஸ்டர், "அடுத்த கிழமை மிச்சத்தைப் பாப்பம்," என்று வகுப்பைக் கலைத்தார்.

*

ஆக, இதையும் சொல்லிவிடலாம். மாஸ்டரின் மேசை லாச்சியில் கைலேஞ்சிகளுக்குக் கீழே ஒரு பாஸ்போர்ட் இருந்தது. அதற்குள் கனடா விசா. டொரன்டோவில் இருக்கும் அக்கா கிழமைக்குக் கிழமை போனில் அழுது, அவரைப் போட வைத்து, விசாவும் வந்துவிட்டது. "தனிய அங்க கிடந்து என்ன செய்யிறாய்? வந்து பார். பிடிச்சால் நில்." வெள்ளவத்தையில் ஒருவருக்கும் அவர் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், நாவூறு.

சூட்கேஸ் புத்தகத்துக்குத்தான் என்று அவர் தனக்கே சொல்லி வைத்திருந்தார். ஆனால் அதற்குள் ஒரு புத்தகமும் இல்லை. பின்னேரங்களில் அதைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, ஹோல்வரை உருட்டிக்கொண்டு போய், கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு திரும்ப உருட்டிக்கொண்டு வந்து வைப்பார். போவதென்றால் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்கு. பார்த்தால் நல்லாகவே இருப்பதில்லை. அதை உள்ளே தள்ளிவிட்டுத் தேத்தண்ணீரோடு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்து, 'ஐயோ, இவள் போகப் போகிறாளே' என்று கவலைப்படுவார்.

பாமன்கடையிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் இதெல்லாம் அவருக்கு ஒரு வரிசையாகத் தெரிந்தது. நடுத்தெருவில் நின்று, "அட பாதிரியாரே," என்றார். பின்னால் வந்த ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்து, அவரைப் பார்த்து, "அய்யே, பார தெபெத்த பலன்ன!" என்று, இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லி, தெருவைக் கையால் காட்டிவிட்டுப் போனான்.

ஆனால் தன்னுடைய நினைப்பு மடத்தனம் என்று தெரிந்ததால் மட்டும் அவள் போகவில்லை என்று ஆகிவிடாது. பாதிரியாருக்குப் பைத்தியம் என்பதற்காக அந்த வீட்டில் பேய் இல்லை என்று எவரும் நிறுவவில்லையே. மிளகாய்த்தூள் மிளகாய்த்தூள்தான். தராசும் திரும்பி வரவில்லை.

*

வியாழக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனார். கிளினிக்கில் ஒரு சிறிய அறைக்குள் இன்னொரு சிறிய அறை. குளிர்பதனப் பெட்டி போன்ற தடித்த கதவு. ஒரு கண்ணாடி ஜன்னல். உள்ளே ஒரு கதிரை. சுபோதினி வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தாள். ஹெட்போனைத் தலையில் மாட்டும்போது அவளுடைய விரல் காதில் பட்டது. அதைப் பரிசோதனையின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ள மாஸ்டர் மிகவும் முயன்றார். வயரில் தொங்கிய சிறிய பொத்தானொன்றை அவர் கையில் கொடுத்தாள்.

"சின்னச் சின்னச் சத்தம் வரும். கேட்டால் இந்தப் பட்டினை அமத்துங்கோ. கேக்காட்டில் அமத்தவேண்டாம். விளங்கினதோ?"

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். சொல்லக் கஷ்டமான விசயம் ஒண்டும் இல்லை."

கதவு மூடியது. கொழும்பு முழுவதும் நின்றுபோனது. பஸ் இல்லை, காகம் இல்லை, கோயில் மணியும் சேர்ச் மணியும் இல்லை. பிறகு எங்கோ தூரத்தில் ஒரு குருவி விக்கியது போல ஒரு சத்தம். அமத்தினார். இன்னொன்று, அதைவிட மெலிது. அமத்தினார். கண்ணாடிக்கு அப்பால் அவள் குனிந்து எதையோ திருகுவது தெரிந்தது. மெலிதாக ஒன்று. அமத்தினார். அதைவிட மெலிதாக. அமத்தினார். கேட்டதா, கேட்டதுபோல இருந்ததா? பெயிலாகக் கூடாது என்ற எண்ணம் ஒருபக்கம். இந்தப் பெண் எனக்கு என்னவோ அனுப்புகிறாள், நான் தவறவிட்டுவிடக் கூடாது என்ற எண்ணம் மறுபக்கம். அமத்தினார், அமத்தினார், அமத்திக்கொண்டே இருந்தார்.

கதவு திறந்தது.

"மாஸ்டர், கையை எடுங்கோ."

"ஏன், சரியில்லையோ?"

"உங்கட காது பொடியங்கட காது மாதிரி இருக்கு. ஒரு குறையும் இல்லை." அவள் ஹெட்போனைக் கழற்றினாள். "ஆனால் கடைசியா கனநேரம் நான் ஒண்டும் அனுப்பேல்ல. சும்மா இருந்து உங்களைப் பாத்துக்கொண்டிருந்தனான். நீங்கள் அமத்திக்கொண்டே இருக்கிறியள்."

"எனக்குக் கேட்டது."

"கேட்டிருக்கும். கேக்கவேணும் எண்டு ஆசையா இருக்கிற ஆக்களுக்கு அப்பிடித்தான் கேக்கும். இஞ்ச கனபேர் அப்பிடி."

மாஸ்டர் அந்தச் சின்ன அறையைச் சுற்றிப் பார்த்தார். ஓடித் தப்ப வழியில்லை. கதவை அவள்தான் மறைத்துக்கொண்டு நின்றாள். பதினைந்து வருடமாக அவர் குரல் இறங்கும் அதே இடத்துக்கு அது இறங்கியது. இந்தமுறை பாடத்துக்காக அல்ல.

"நீங்கள் மெல்பேர்னுக்குப் போறியளா?"

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்து, கதவில் சாய்ந்து, கோட்டின் கையால் கண்ணைத் துடைத்தாள்.

"இதைக் கேக்கத்தான் கேக்கோ மாஸ்டர்? எனக்கு நாலு சில்லுக் கதிரை ஒண்டு வாங்கினனான், ரிப்போட் எழுத. பொழுதுபடேக்க இரண்டு கட்டடத்துக்கும் இடையால கொஞ்சம் கடல் தெரியும். எழும்பப் பஞ்சியில கதிரையோட உருண்டு போய்ப் பாத்திட்டு, உருண்டு வருவன். அவ்வளவுதான்."

"அப்ப தூள்?"

"நான் சாப்பிடுறதில்லையோ?"

"தராசு?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். கழுத்தில் கிடந்த அட்டையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் அவளுடைய பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை.

"போன மாசம் ஓட்டோவில இருந்து ஒரு பெரிய சூட்கேஸ் இறக்கினியள். பிறகு ஒவ்வொரு பின்னேரமும் கீழ உருளுது. எனக்குச் சத்தம் எங்கயிருந்து வருகுதெண்டு தெரியும் மாஸ்டர், அது என்ர தொழில். லிப்டுக்குள்ள வேற, ஆக்கள் அங்க போனா நல்லாத்தான் இருப்பினம் எண்டு என்னட்டக் கேக்கிறியள். நீங்கள் போகப்போறியள் எண்டு விளங்கிட்டுது. தராசு இல்லாட்டில் நிறுக்கேலாது, நிறுக்காட்டில் போகேலாது எண்டு நினைச்சு அதை வாங்கி வைச்சிட்டன், மடத்தனம்." அட்டையை விட்டாள். "கேக்கை வெட்டேக்க, இது நீங்கள் என்னைச் சாட்டி உங்களுக்கே வைக்கிற பார்ட்டி எண்டுதான் நினைச்சனான். அதுதான் பிளேன்ர வாலை உங்களுக்குத் தந்தனான்."

மாஸ்டருக்கு ஒரு கணம் பேய்க்கதை எழுதிய அத்தனை பேரையும் எழுப்பி இந்த அறைக்குக் கூட்டிவர வேண்டும் போல இருந்தது. ஒரு வீட்டில் இரண்டு பாதிரியார்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர்.

"போறியளா?" என்று கேட்டாள் அவள்.

"பாப்ப…"

"பாப்பம் சொல்லக்கூடாது. இந்த அறைக்குள்ள கேக்குது, கேக்கேல்ல, ரெண்டே ரெண்டு மறுமொழிதான்."

அவர் இன்னும் கையில் பிடித்திருந்த பட்டினைப் பார்த்தார். வெளியே அடுத்த நோயாளி இருமுவது திறந்த கதவு வழியாகக் கேட்டது. பஸ்ஸொன்று கேட்டது. கொழும்பு மெதுவாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"விசா வந்திட்டுது. கனடாவில இருக்கிற அக்கா வரச்சொல்லுறா. எனக்கு விருப்பமில்லை, ஆனால் இஞ்ச நிக்கிறதுக்கும் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் வேணுமெல்லோ?" தொண்டையைச் செருமினார். "நான் போகாமல் நிண்டால் உங்களுக்குச் சந்தோசமா இருக்குமா, சுபோதினி?"

அவள் அவருடைய கையிலிருந்து பட்டினை வாங்கி, அதன் கொக்கியில் மாட்டினாள்.

"ஓம்," என்றாள். "நில்லுங்கோ."